தோட்டத்துத் தட்டும் டவுன் தட்டும்

செம்பனைத் தோட்டத்தில் காலையிலிருந்து குலை வெட்டும் ஒருவர். வேலை முடிந்து மாலையில் மலாக்காவின் ஆயர் குரோவில் ஜிம்முக்குப் போகும் ஓர் இளைஞர். இந்த இருவரில் யாருக்குப் புரதச்சத்து அதிகம் வேண்டும் என்று கேட்டால், நம் வீடுகளில் பெரும்பாலோர் குலை வெட்டுபவரைத்தான் சொல்வார்கள். நாள் முழுக்க உடம்பை முறிக்கிறவர் அவர்தானே என்பது அவர்கள் நியாயம். உடலியல் சொல்வதோ வேறு. குலை வெட்டுபவருக்கு மிக அதிகமாக வேண்டியது சோறு. எடைக்கு எடை பார்த்தால் புரதம் கூடுதலாக வேண்டியவர் ஜிம்முக்குப் போகிறவர். இந்த இருவரையும்விட நாம் கவலைப்பட வேண்டிய மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் பிறகு வருகிறேன். முதலில் இந்த இரண்டு தட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மலாக்காவில் இந்த ஒப்பீட்டுக்குத் தனிப் பொருத்தம் உண்டு. மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை டான் சே யான் 1896இல் போட்டது இங்கே புக்கிட் லிந்தாங்கில்தான். அடுத்து புக்கிட் ஆசாஹானில் இன்னும் பெரிதாகப் போட்டார். அதன்பின் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தெபோங் என்று எங்கு பார்த்தாலும் பால்மரம். அந்த மரங்களை நம்பி வந்த தமிழர்கள் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வரக்கோப்பியோடு காட்டில் இறங்கி, வெட்டி, பால் எடுத்து, காண்டாவில் சுமந்தவர்கள். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் இன்று பெரும்பாலும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர் கைக்குப் போய்விட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் பத்து பெரண்டாம், செங், ஆயர் குரோ தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்கிறார்கள். தாமான் வீடுகளில் குடியிருக்கிறார்கள். இரண்டு தலைமுறைக்குள் உடலுழைப்பு இவ்வளவு குறைந்த சமூகம் நம்முடையது. சமையல் மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது.

குலை வெட்டும் வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நீண்ட கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து நின்று மட்டையைக் கழித்து, குலையை அறுத்து இறக்க வேண்டும். ஒரு குலை பதினைந்து, இருபது கிலோ இருக்கும். அதை மேட்டுப் பள்ளத்தில் வண்டியில் தள்ளிக்கொண்டு போய்ச் சாலை ஓரம் சேர்க்க வேண்டும், உதிரிப்பழம் பொறுக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடம்பு சும்மா படுத்திருந்தாலே ஒரு நாளைக்கு 1,500 கலோரி செலவழிக்கும். இப்படிப்பட்ட வேலையில் அது இரண்டு மடங்குக்கும் மேல் போய் 3,100 கலோரியைத் தாண்டும். அதே எடையுள்ளவர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தால் 2,200 அல்லது 2,300 போதும். வித்தியாசம் கிட்டத்தட்ட 900 கலோரி. அந்த 900 கலோரியை எதிலிருந்து எடுப்பது என்பதுதான் கேள்வி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பெரும் செல்வாக்கோடு இருந்த ஜெர்மன் வேதியியலாளர் லீபிக், தசை வேலை செய்யும்போது தசையின் புரதமே எரிகிறது என்று கற்பித்தார். அப்படியானால் கூலிக்காரன் உழைக்க உழைக்க இறைச்சி அதிகம் வேண்டும். 1865இல் ஃபிக், விஸ்லிசெனுஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதைத் தங்கள் உடம்பிலேயே சோதித்தார்கள். சுவிட்சர்லாந்தில் ஃபௌல்ஹோர்ன் மலையில் ஏறினார்கள். ஏறுவதற்கு முன்னிருந்தே புரதம் இல்லாத சாப்பாடு, கொழுப்பில் பொரித்த மாவுப் பலகாரமும் சர்க்கரை போட்ட தேநீரும்தான். சிறுநீரைச் சேகரித்து அதில் எவ்வளவு நைட்ரஜன் வெளியேறுகிறது என்று அளந்தார்கள். எரிந்த புரதத்தின் அளவு அதிலிருந்து தெரிந்துவிடும். மலையேறத் தேவைப்பட்ட ஆற்றலின் பெரும்பகுதியை அந்தப் புரதம் தந்திருக்கவே முடியாது என்று கணக்கு காட்டியது. உழைப்பு எரிப்பது மாவுச்சத்தையும் கொழுப்பையும். குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் லாரியை நினைத்துக்கொள்ளலாம். பாரம் கூடினால் டீசல் நிறையப் போகும். டயர் கொஞ்சம்தான் கூடுதலாகத் தேயும். புரதம் அந்த டயருக்கு.

ஆனாலும் பழைய நம்பிக்கை எளிதில் போகவில்லை. மியூனிக்கில் வோய்ட் என்ற உடலியலாளர் உழைக்கும் ஆண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து, ஒரு நாளைக்கு 118 கிராம் புரதம் வேண்டும் என்றார். அவர்கள் சாப்பிட்டதை அளந்தார், அதையே அவர்களின் தேவை என்று வைத்துவிட்டார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சிட்டெண்டன் இதற்கு எதிர்த்திசையில் போனார். பேராசிரியர்களையும் படைவீரர்களையும் கல்லூரி விளையாட்டு வீரர்களையும் பல மாதம் குறைந்த புரதத்தில் வைத்துப் பார்த்து, வோய்ட் சொன்னதில் ஏறத்தாழ பாதியிலேயே அவர்கள் உடல்நலமும் வலிமையும் குறையாமல் இருந்ததை 1904இல் நூலாக வெளியிட்டார். அன்று தொடங்கிய இந்த இழுபறி இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஜிம் வாசலில் நடக்கும் விவாதமும் இதன் தொடர்ச்சிதான்.

இன்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். 2007இல் வெளியான அறிக்கையின் அளவு இது. சராசரி மனிதருக்கு 0.66 கிராமே போதும். ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டையும் சேர்த்து, ஏறத்தாழ எல்லாரையும் உள்ளடக்கும்படி 0.83 ஆக்கினார்கள். சோறும் பருப்பும் முதன்மையாக உள்ள உணவில் புரதத்தின் தரம் சற்றுக் குறைவு என்பதால் ஒரு கிலோவுக்கு 1 கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அப்படித்தான் சொல்கிறது. மலேசிய சுகாதார அமைச்சின் பரிந்துரையும் இதை ஒட்டியதே. ஆணுக்கு 60 கிராம் சுற்றி, பெண்ணுக்கு 50 கிராமுக்குச் சற்று மேல்.

கடின உழைப்பாளிக்கு இந்த அளவு கூடுமா? கொஞ்சம் கூடும். தாராளமாகவே 1.2 கிராம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் பழகிய உழைப்பு, வயிறு நிறையச் சாப்பாடு இருந்தால், புரதத்தைச் சிக்கனமாகக் கையாள உடம்பைப் பழக்கிவிடுகிறது. சாப்பாடு போதாமல் போகும்போதுதான் ஆபத்து. ஆற்றலுக்கு வேறு வழியில்லாத உடம்பு புரதத்தையே எரிக்கத் தொடங்கும். வரக்கோப்பியோடு இறங்கி மதியம்வரை பட்டினியாக வெட்டிய நம் முன்னோருக்கு முதலில் வேண்டியிருந்தது காலைச் சோறு.

இப்போது தட்டைப் பார்க்கலாம். அரிசியில் நூறு கிராமுக்கு 7 கிராம் புரதம் இருக்கிறது, 350 கலோரி ஆற்றல் இருக்கிறது. ஒரு கிராம் புரதம் 4 கலோரி. அப்படியானால் அரிசி தரும் ஆற்றலில் 8 விழுக்காடு புரதத்திலிருந்து வருகிறது. குலை வெட்டுபவருக்கு 60 கிராம் புரதம் என்று வைத்தால் அது 240 கலோரி. அவர் செலவழிக்கும் 3,100இல் அதுவும் 8 விழுக்காடுதான். 1.2 கிராம் என்று கூட்டி வைத்தாலும் 9 விழுக்காடு சுற்றித்தான். எனக்கு இந்தக் கணக்கு போட்டுப் பார்த்தபோது தோட்டத்துச் சாப்பாட்டின் மீது புதிய மரியாதையே வந்தது. அரை கிலோ அரிசிச் சோறு சாப்பிடும் உழைப்பாளிக்கு அரிசியிலிருந்தே 35 கிராம் வந்துவிடுகிறது. ஐம்பது கிராம் பருப்பில் 11 கிராம். ஒரு கெம்போங் மீன் 15 கிராமுக்குக் குறையாது. மேலே கொஞ்சம் நெத்திலிச் சம்பல். 60 கிராமைத் தாண்டியாயிற்று. அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய. பருப்பில் குறைவானது அரிசியில் உண்டு. சோற்றோடு பருப்பும் கருவாடும் என்ற அந்த எளிய சேர்மானம், நிறைய உழைத்து நிறையச் சாப்பிட்டவருக்குப் போதுமானதாக இருந்தது.

நிறையச் சாப்பிட முடிந்தவரை என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். அது முறிந்த காலமும் உண்டு. 1942 முதல் 1945 வரையிலான ஜப்பான்காரன் காலத்தில் அரிசி வரத்து நின்றுபோய் மரவள்ளிக்கிழங்கே முக்கிய உணவானது. மரவள்ளியின் ஆற்றலில் புரதத்தின் பங்கு 3 விழுக்காடு சுற்றித்தான். 3,000 கலோரிக்கு மரவள்ளி சாப்பிட முடிந்தாலும் (யாருக்குக் கிடைத்தது?) 26 கிராம் புரதம்தான் தேறும். கால் வீங்கி, முகம் வீங்கிக் கிடந்தவர்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வயிற்றை நிரப்பும் பொருள் எது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் சொந்த வரலாற்றில் இதைவிடக் கொடிய சான்று வேண்டாம்.

இன்னொரு சான்று மலாக்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மலாயாவில் பெரிபெரி நோய் கூலிகளை வாரிக்கொண்டு போன நாளில், நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராட்டன் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட சீனர்களுக்கு வந்த அந்த நோய், புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழர்களுக்கு மிக அரிதாகவே வந்தது. அதைப் பின்பற்றி ஃப்ரேசர், ஸ்டாண்டன் என்ற மருத்துவர்கள் 1907இல் ஜெலுபு வட்டாரத்து டுரியான் தீப்புஸில், சாலை போட வந்த ஜாவாக்காரர்களைப் பிரித்து, ஒரு பகுதிக்கு வெள்ளை அரிசியும் மறுபகுதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களுக்குத்தான் நோய் வந்தது. அங்கே குறை வைட்டமினில், புரதத்தில் இல்லை. என்றாலும் தட்டு நிறைந்திருப்பதும் தட்டில் சத்து இருப்பதும் வேறு வேறு என்ற பாடத்தை உலகத்துக்குக் கற்றுத் தந்த இடங்களில் இந்த வட்டாரமும் ஒன்று. அப்போது புழுங்கலரிசியால் பிழைத்த நாம் இப்போது வீட்டுக்கு வீடு வெள்ளை அரிசி வாங்குகிறோம்.

டவுனுக்கு வந்த குடும்பத்துக்கு என்ன நடந்தது? 3,100 கலோரி செலவு 2,200 ஆகக் குறைந்தது. எடை அதேதான், ஆகவே புரதத் தேவை அதே 60 கிராம். குறையவே இல்லை. 60 கிராம் என்பது இப்போது தட்டின் 11 விழுக்காடு. 8 விழுக்காடு தரும் சோறு இதற்கு ஈடுகொடுக்காது. சோற்றை உழைப்புக்கு ஏற்பக் குறைத்துக்கொண்டால் சோற்றோடு வந்த புரதமும் பாதியாகக் குறைந்துவிடும். குறைக்காமல் பழைய அளவே சாப்பிட்டால் புரதம் கிடைக்கும், கூடவே செலவழியாத மாவுச்சத்து உடம்பில் தங்கி, கொழுப்பாகவும் இனிப்பு நீராகவும் மாறும். நம் சமூகம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான் வந்திருக்கிறது. 2019இல் நடந்த தேசிய உடல்நல ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் 18 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே மட்டும் அது 31 விழுக்காடு. இதற்குப் பரம்பரை உட்படப் பல காரணங்கள் உண்டு. தட்டும் அவற்றில் ஒன்று.

காலைப் பசியாறலை எடுத்துக்கொள்ளுங்கள். மாமாக் கடையில் இரண்டு ரொட்டி சானாயும் ஒரு தே தாரிக்கும் 750 கலோரியைத் தாண்டும். புரதம் 17 கிராம் அளவில் இருக்கும், அதாவது 9 விழுக்காடு. குலை வெட்டப் போகிறவருக்கு இது ஏற்ற பசியாறல். கணினி முன் உட்காரப் போகிறவருக்கு ஏற்றதல்ல. இரண்டு தோசை, சாம்பார், இரண்டு அவித்த முட்டை என்றால் 450 கலோரிக்குள் 20 கிராம் புரதம் கிடைக்கிறது. ஏறத்தாழ 18 விழுக்காடு. முட்டை ஒன்று நாற்பது ஐம்பது காசு. கெம்போங் மீன், நெத்திலி, பருப்பு, தவ்வு, தெம்பே எல்லாம் பாசாரில் கிடைப்பவை. தெம்பே பற்றித் தனியாகச் சொல்ல ஆசை. ஜாவாக்காரர்கள் இந்த மண்ணுக்குக் கொண்டுவந்த இந்தச் சோயாப் பண்டத்தில் நூறு கிராமுக்கு 19 கிராம் புரதம் இருக்கிறது. புரட்டாசி மாதம் முழுக்க மச்சம் ஒதுக்குபவர்களும், சன்னாசிமலை மாசிமகத்துக்கு விரதமிருப்பவர்களும் மீன் இருந்த இடத்தில் உருளைக்கிழங்கை வைத்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் சம்பலோடு தெம்பே வைக்கலாம். தமிழ்நாட்டுச் சைவச் சமையலில் இல்லாத வசதி நமக்கு இருக்கிறது.

இனி ஜிம் இளைஞர். எடை தூக்கிப் பயிற்சி செய்யும்போது தசைநார்கள் முன்னைவிடத் தடித்துக் கட்டப்படுகின்றன. புதிதாகக் கட்டுவதற்குப் பொருள் வேண்டும். எனவே அவர் தேவை 0.83இல் நிற்காது. எவ்வளவு என்பதைப் பற்றி 2018இல் மோர்ட்டனும் சகாக்களும் 49 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். 1,863 பேர் பங்கேற்ற ஆய்வுகள் அவை. ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராம்வரை புரதம் கூடும்போது தசையும் கூடியது. அதற்குமேல் எவ்வளவு சாப்பிட்டாலும் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆளுக்கு ஆள் இந்த எல்லை சற்று முன்பின் ஆகலாம். அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. ஜிம் சுவரில் எழுதி ஒட்ட வேண்டிய எண் அது. பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கூடிய தசை எடை சராசரியாக 1.1 கிலோ. கூடுதல் புரதம் அதன்மேல் சேர்த்தது 0.3 கிலோ. உடம்பைக் கட்டுவது பயிற்சி. புரதம் துணை நிற்கிறது.

எழுபது கிலோ இளைஞருக்கு 1.6 வீதம் 112 கிராம். இது பெரிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் அவர் வீட்டிலேயே கூட்டிப் பார்க்கட்டும். காலையில் மூன்று முட்டை 18 கிராம், மதியம் கையளவு கோழி 28, பருப்பு 8, இரவில் மீன் 22, ஒரு குவளை பால் 8, தெம்பே ஐந்தாறு துண்டு 12, நாள் முழுக்கச் சாப்பிடும் சோறும் தோசையும் 18. கூட்டினால் 114. பவுடர் டப்பா இல்லாமலே எட்டிவிடலாம். பவுடரைப் பழிக்க நான் வரவில்லை. அது பாலிலிருந்து எடுத்த புரதம்தான். ஒரு கரண்டியில் இருப்பது 20 முதல் 25 கிராம், நான்கு முட்டைக்குச் சமம். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து நேரே ஜிம்முக்குப் போகிறவருக்கு அது ஒரு வசதி. ஆனால் 2025இல் குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி ஆன நாட்டில், பல நூறு வெள்ளி டப்பாவுக்குப் போவதற்கு முன்னால், அந்தப் பணத்துக்கு எத்தனை தட்டு முட்டை, எத்தனை கிலோ மீன் வீட்டுக்கே வரும் என்று கணக்குப் போடும்படி எந்தத் தம்பியையும் உரிமையோடு கேட்டுக்கொள்வேன். அந்த மீனை அவர் மட்டும் சாப்பிட மாட்டார். வீடே சாப்பிடும். ஒரு கிலோவுக்கு 2.5, 3 கிராம் என்று துரத்துவதில் பயனும் இல்லை.

ஓட்டப் பந்தயக்காரர்கள், பந்து விளையாடுபவர்கள், வாரத்தில் நாலு நாள் வேக நடை போகிறவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நடைக்கு 1 கிராம் போதும். தொடர்ந்து ஓடிப் பயிற்சி எடுப்பவர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் 1.2 முதல் 2 வரை என்பது 2016இல் அமெரிக்க, கனடிய உணவியல், விளையாட்டு மருத்துவ அமைப்புகள் கூட்டாக ஏற்ற வரம்பு.

மூன்றாமவரிடம் வருவோம். பால்மரம் வெட்டி ஓய்ந்த அம்மா, இப்போது மகன் வீட்டில், தாமானில் இருக்கிறார். எடை 55 கிலோ. நாற்பது ஆண்டு மலை மேடு ஏறிய கால்கள் இன்று நாற்காலியிலிருந்து எழக் கைப்பிடி தேடுகின்றன. ஐம்பது வயதுக்குப் பிறகு தசை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது, வலிமை அதைவிட வேகமாகப் போகிறது. அதோடு, சாப்பிடும் புரதத்தைத் தசையாக்கும் திறனும் மந்தமாகிவிடுகிறது. ஒரு வேளைச் சாப்பாட்டில் இளைஞருக்கு எடையில் கிலோவுக்கு 0.24 கிராம் புரதம் தசைக் கட்டுமானத்தை முழுதாகத் தூண்டிவிடும் என்றால், முதியவருக்கு 0.4 கிராம் வேண்டியிருக்கிறது என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இந்த அம்மாவுக்கு அது வேளைக்கு 22 கிராம். 2013இல் முதியோர் மருத்துவ நிபுணர் குழு ஒன்று நலமாக உள்ள முதியவர்களுக்கு நாளொன்றுக்கு 1.0 முதல் 1.2 கிராம் என்று பரிந்துரைத்தது. இவருக்கு 55 முதல் 66 கிராம்.

இவர் செலவழிக்கும் ஆற்றலோ 1,500 கலோரி சுற்றித்தான். அந்தக் கொஞ்சச் சாப்பாட்டுக்குள் 66 கிராம் புரதம் என்றால் ஏறத்தாழ 18 விழுக்காடு. ஜிம் பேரனுக்கு 2,800 கலோரியில் 112 கிராம் என்பது 16 விழுக்காடு. குலை வெட்டுபவருக்கு 8. மூன்று பேரையும் வரிசையில் நிறுத்தினால், பாட்டிக்கும் பேரனுக்கும் வேண்டிய தட்டு ஏறத்தாழ ஒரே வகை என்று தெரிகிறது. அளவு மட்டும் வேறு. ஆனால் வீட்டில் நடப்பதைப் பாருங்கள். பேரன் தட்டில் கோழி நெஞ்சு, முட்டை, மேலே பவுடர். பாட்டிக்குக் காலையில் கோப்பியும் நாலு பிஸ்கட்டும், மதியம் ரசச்சோறு, இரவில் கஞ்சி. "எனக்கு இது போதும் தம்பி" என்று அவரே சொல்லுவார். பல் இல்லை, பசி இல்லை, பிள்ளைகளுக்கு மிச்சம் வைக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. தோட்டத்தில் இருந்தபோதும் மீன் துண்டுகள் அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் போனபின் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டவர்தான். அன்று அந்த வழக்கத்தை அவர் சாப்பிட்ட நிறையச் சோறு கொஞ்சம் ஈடுகட்டியது. இன்று சாப்பிடுவதே ஒரு பிடி. எது ஈடுகட்டும்? புரதம் போதுமா என்று ஜிம்மில் ஆயிரம் தடவை கேட்கப்படும் கேள்வி, பாட்டியின் பசியாறலைப் பார்த்து ஒரு தடவையாவது கேட்கப்பட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

செய்வது கடினமுமல்ல. காலையில் இரண்டு தோசையும் கெட்டிச் சாம்பாரும் மெதுவாக அவித்த முட்டை ஒன்றும் வைத்தால் 16 கிராம். மதியம் சின்னக் கிண்ணம் சோறு, முள் எடுத்த ஒரு கெம்போங் மீன், கெட்டிப் பருப்பு, சேர்ந்து 25. மாலையில் பிஸ்கட்டை விட்டு ஒரு குவளை பால், 8. இரவில் கஞ்சியானாலும் கூடவே கெட்டித் தவ்வு நூறு கிராம், 13. மொத்தம் 60ஐத் தாண்டும். தவ்வுக்குப் பல்லும் வேண்டாம். இதோடு உடம்பு கொஞ்சம் எதிர்த்து வேலை செய்யவும் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதைக் காலையும் மாலையும் பத்துப் பத்து முறை செய்தாலே அது அவருக்கு ஜிம்தான். பயிற்சி இல்லாத புரதம் பேரனுக்கு உதவாதது போலவே பாட்டிக்கும் அவ்வளவாக உதவாது.

இந்த ஒப்பீட்டில் ஒரு வேலி போட வேண்டியிருக்கிறது, சிறுநீரகம். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு 1.6 கிராம் புரதத்தால் கேடு வருவதாகச் சான்று இல்லை. ஆனால் நீரிழிவும் இரத்த அழுத்தமும் நீண்டகாலம் இருந்தால் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெடும், நம் சமூகத்தில் அந்த இரண்டும் வீட்டுக்கு வீடு. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்கு 2024இன் உலக வழிகாட்டி கிலோவுக்கு 0.8 கிராமில் நிறுத்தச் சொல்கிறது, 1.3ஐத் தாண்ட வேண்டாம் என்கிறது. ஆகவே பவுடர் டப்பாவைத் திறக்குமுன் இளைஞரும், தட்டை மாற்றுமுன் பாட்டியும் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் அரசு கிளினிக் கெசிஹாத்தானில் சிறுநீரையும் இரத்தத்தில் கிரியேட்டினின் அளவையும் பார்த்துவிட வேண்டும். டயாலிசிஸ் தொடங்கியவர்கள் விஷயம் நேர்மாறு. ஒவ்வொரு முறை இரத்தம் சுத்திகரிக்கப்படும்போதும் புரதத்தின் ஒரு பகுதி வெளியே போய்விடுவதால், அவர்களுக்கு 1.0 முதல் 1.2 கிராம்வரை வேண்டும். டயாலிசிஸுக்கு முன்னால் மீனையும் முட்டையையும் குறைக்கச் சொன்ன டாக்டரின் பேச்சை, டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் பல ஆண்டு கடைப்பிடித்து மெலிந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை உணவியல் நிபுணரிடம் அழைத்துப் போய், "இப்போது என்ன சாப்பிடலாம்" என்று புதிதாகக் கேட்க வேண்டும்.